ஆறு கட்டங்களிலும் இல்லாத காரணம்

சனிக்கிழமை, மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அம்மாவின் வலது கண் மட்டும் இன்னும் பத்து நாள் கழித்துத்தான் சுகம். அங்கே உன் சுகத்தைக் கேட்டு எழுதச் சொல்கிறாள், அதுவும் போனில் சொல்வதுபோல "நல்லாருக்கேன்" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்காமல், என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தனித்தனியாக எழுத வேண்டுமாம். கண் ஆபரேஷன் போன செவ்வாய்க்கிழமை முடிந்தது, மொத்தமே இருபது நிமிடம். பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்கள், என்ன பவர் என்று நான் கேட்டதற்கு நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், விடவில்லை, அட்டையில் எழுதி வாங்கிவிட்டேன். குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. அதனால்தான் இந்த முறை அம்மாவின் கையெழுத்துக்குப் பதிலாக என் கோழிக்கிறுக்கல். கண்மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொண்டு, முன்னறைக் கட்டிலில் சாய்ந்தபடி, அடுப்படியில் அப்பா செய்வதையெல்லாம் ஒரே கண்ணால் கண்காணித்துக்கொண்டிருக்கிறாள். அப்பா வெங்காயத்தைக்கூடத் தபால் பிரிப்பதுபோலப் பெரிசு சிறிசு என்று வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் நறுக்குகிறார், சாப்பாடு இரண்டரை மணிக்கு முன்னால் வருவதில்லை. குளிர் அதிகமாக இருந்தால் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொள், ஈர முடியோடு வெளியே போகாதே, கோபம் வந்தால் பத்து வரை எண்ணு. அம்மா சொன்னது இத்தனைதான். மீதியை உன் பாஷையிலேயே எழுது, ஆனா ஒட்டறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டணும் என்று சொல்லிவிட்டாள். ஆகவே இனி வருவது என்னுடையது. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது என்பது உனக்கே தெரியும்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ எனக்குத் தனியாக எழுதிய கடிதத்தில் இருந்ததை அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாய், அடிக்கோடு எனக்கும் தெரிந்தது. ஆனால் புதன்கிழமை நடந்ததைக் கேட்டால் நீயும் சொல்லியிருப்பாய். அன்று காலை நான் வேலைக்குப் போன பிறகு உங்கள் ராணுவத் தலைமையகத்தின் அதிகாரிகள் நலப் பிரிவிலிருந்து ஒரு மேஜர் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஐந்து வருட ஒப்பந்தம் முடியும் இளநிலை அதிகாரிகளின் வீடுகளுக்கெல்லாம் போகிறார்களாம். நீ இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் மேலும் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது போகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டும் செய்யாமல் இருக்கிறாய், அதனால் குடும்பத்தைப் பார்த்துப் பேச வந்தேன் என்றாராம். மரியாதையான மனிதர் என்று அம்மா சொல்கிறாள், செருப்பை வெளியே விட்டார், டீயை முழுசாகக் குடித்தார், அம்மாவின் கண்ணை விசாரித்தார். அப்பா அவசர அவசரமாக இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். நல்ல ஆபீசர் சார் உங்க பொண்ணு, இந்த வயசுல எல்லாருக்கும் ஒரு சலிப்பு வரும், வீட்ல நாலு வார்த்தை சொன்னா நின்னுடுவாங்க என்று மேஜர் சொல்லியிருக்கிறார். சலிப்பாம். நாலு வார்த்தையாம். பிறகு பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, உங்கள் மகள் பணியைத் தொடரத் தயங்குவதற்குக் குடும்பத்தார் கருதும் காரணம் என்ற தலைப்பைக் காட்டி, ஒரு டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அப்பாவிடம் நீட்டியிருக்கிறார்.

அந்தப் படிவத்தில் ஆறு கட்டம், அக்கா. சம்பளம். வீட்டுவசதி. விடுப்பு. உடல்நலம். குடும்பப் பொறுப்பு, அடைப்புக்குள் திருமணம் உட்பட. வெளியில் நல்ல வேலை. அவ்வளவுதான். கடைசியில் மற்றவை என்று ஒரு கோடு, அதை வீட்டில் இருந்த நகலில் என் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன், நீளம் நாற்பத்தொரு மில்லிமீட்டர், உயரம் ஆறு. அந்த ஆறு மில்லிமீட்டருக்குள் ஒரு மனுஷி தன் ஐந்து வருடத்தை எழுத வேண்டும். ஆனால் அப்பா அந்தக் கோட்டுக்குப் போகவே இல்லை. அவரைப் பற்றி உனக்குத் தெரியாதா, முப்பத்தொரு வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர். அவருக்கு இரண்டே சட்டம், படிவத்தில் எதையும் காலியாக விடக் கூடாது, எந்தக் கட்டம் தொந்தரவு தராதோ அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில், உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, குடும்பப் பொறுப்பு (திருமணம் உட்பட) என்ற கட்டத்தில் அழகாக ஒரு டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்துவிட்டார். மேஜர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். உன் கோப்பில் இப்போது உன் சொந்த அப்பாவின் கையெழுத்தோடு இருப்பது இதுதான், கேப்டன் போக நினைப்பது கல்யாணத்துக்காக.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு உட்காரும்போது டெலிபோனுக்கு அடியில் அந்தப் படிவத்தின் கார்பன் நகல் இருந்தது, மேஜரிடம் இன்னொரு வெற்றுப் படிவம் வாங்கி அடியில் வைத்து எழுதியிருக்கிறார் அப்பா. ரிட்டயர் ஆகி நாலு வருடம் ஆகியும் அப்பா கார்பன் தாளை விடவில்லை, பால்காரருக்குச் சீட்டு எழுதினாலும் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்கிறார். நல்லவேளை விடவில்லை. படித்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. யார் உங்ககிட்ட சொன்னா அவ கல்யாணத்துக்காகப் போறான்னு என்று கேட்டேன். யாரும் சொல்லலடா, யாரையும் குத்தாத கட்டம் அது ஒண்ணுதான் என்றார். சம்பளம்னு போட்டா பணத்தாசைம்பான், லீவுன்னு போட்டா சோம்பேறிம்பான், உடம்புன்னு போட்டா நாளைக்கு எங்கயுமே வேலை தர மாட்டான், கல்யாணம்னா எவனும் மேல கேள்வி கேக்க மாட்டான் என்று விரல் விட்டு எண்ணி விளக்கினார். கேள்வி கேக்காம இருக்கறதுக்குத்தாம்ப்பா அவன் அந்தக் கட்டத்தையே வச்சிருக்கான் என்று நான் கத்தினேன். கண் ஆபரேஷன் ஆன வீட்டில் கத்தக் கூடாது, தெரியும், கத்திவிட்டேன். உன் பேட்சில் பட்டறைப் பிரிவுக்குப் போன பதினோரு பேரில் ஏழு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாய் இல்லையா, அந்த ஏழு பேரும் குடும்பக் காரணத்தால்தான் போனார்கள் என்று மேஜர் அப்பாவிடமே சொல்லியிருக்கிறார். அந்த ஏழு பேரில் ஒருவனான உன் கூட்டாளி சோடாபுட்டிக்குக் கல்யாணமும் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை, அவனுக்கு என்ன குடும்பக் காரணம். நான் தினமும் பிரஷர் மீட்டர் சரிபார்க்கிறவன். ஏழு மீட்டர் ஏழு இடத்திலிருந்து வந்து ஏழும் ஒரே எண்ணைக் காட்டினால் எனக்குச் சந்தோஷம் வராது, எவனோ ஒருத்தன் உட்கார்ந்து முள்ளைத் திருகியிருக்கிறான் என்றுதான் தோன்றும்.

அப்போதுதான் சொல்லிவிட்டேன். உன் பொறுப்பில் எழுபது லாரி இருப்பது, மாதாமாதம் தயார்நிலை அறிக்கையில் குறைந்தது அறுபத்துமூன்று ஓடும் என்று எழுத வேண்டும் என்பது, நீ ஒவ்வொரு லாரிக்கும் அடியில் படுத்துப் பார்த்து நாற்பத்துமூன்று என்று எழுதியது. கமாண்டர் அதை மூன்று தடவை திருப்பி அனுப்பி, கேப்டன், மறுபடி எண்ணுங்க, என்று சொன்னது. எண்ணத் தெரியாத குழந்தைக்குச் சொல்வதுபோல. இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலை வரிசையில் நிற்கும் லாரிகளின் நல்ல பேட்டரியையும் பிரேக் சேம்பரையும் சாப்பாட்டு நேரத்தில் கழற்றி மத்தியான வரிசைக்கு மாட்டுவதையும், வந்த பெரியவர்களும் அது தெரிந்தே இரண்டு மணி நேரம் சாப்பிடுவதையும் சொன்னேன். கடைசியில் யாரோ அறுபத்துமூன்று என்று டைப் அடித்து உன் மேஜையில் வைக்க, நீ கையெழுத்துப் போடாமல் இருக்க, கமாண்டரே போட்டு அனுப்பியதையும், நீ பிரேக் இல்லை என்று எழுதி வைத்திருந்த பதினேழாம் நம்பர் லாரி அந்த வாரமே சரிவில் உருண்டு டிரைவரின் கால் நசுங்கி இரண்டு விரல் போனதையும் சொன்னேன். விசாரணைத் தாளில் டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதி அதையும் உன்னிடம் கையெழுத்துக்கு நீட்டினார்களே, அதையும் சொன்னேன். நீ மறுத்த பிறகு பட்டறை வேலையோடு விருந்தினர் இல்லப் பொறுப்பையும் தலையில் கட்டி, மெக்கானிக்கல் படித்தவளை ஜன்னலுக்குத் திரைத்துணி நிறம் பார்க்க வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். ஊதாவா பழுப்பா என்று முடிவு செய்ய இந்த நாட்டில் ஒரு கேப்டன் தேவைப்படுகிறாள்.

அப்பா பாதி வரை நின்றுகொண்டு கேட்டார், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். நீ நினைத்தமாதிரி ரத்தக் கொதிப்பு ஒன்றும் ஏறவில்லை. முதலில் கேட்ட கேள்வியே, பதினேழாம் நம்பருக்கு பிரேக் இல்லன்னு எழுத்து மூலமா கொடுத்தாளா என்பதுதான். மூணு தரம் கொடுத்தா என்றேன். காப்பி வச்சிருக்காளா என்றார். தெரியலை என்றேன். அதுகூடத் தெரியாம என்னத்தடா கத்தறே என்று எரிந்து விழுந்தார். பிறகு, என்கிட்ட ஏன் சொல்லலை என்று மட்டும் கேட்டார், என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, வாசல் பக்கம் பார்த்து. நானும் வாசல் பக்கம்தான் பார்த்தேன். அங்கே அவர் மாட்டி வைத்திருக்கும் பித்தளைப் பலகையில் கேப்டன் என்ற எழுத்து அரையடிக்கு இருக்கிறது, வீட்டுக்காரரான அவர் பெயருக்கு இடம் போதாமல் கீழே எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. இதை மாட்டினவர்கிட்ட அவ எப்படிச் சொல்லுவா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் பொய் இல்லை. அப்போது கட்டிலிலிருந்து அம்மா பேசினாள். மூடி மறைக்கறதுல மூணு பேரும் பட்டாளத்தையே மிஞ்சிட்டீங்க, அவ மறைச்சா, நீ மறைச்சே, இவரு ஒரு கட்டத்துக்குள்ள போட்டு மறைச்சாரு, அந்த மேஜருக்கு என்ன கஷ்டம், டீயும் குடிச்சிட்டு வாங்கிட்டுப் போயிட்டாரு என்றாள். எனக்கு அது சுருக்கென்றது. நான் போன மாதமே வாயைத் திறந்திருந்தால் அப்பாவின் பேனா அந்தக் கட்டத்துக்குப் போயே இருக்காது. கருவியைக் குறை சொல்வதற்கு முன்னால் அதற்குள் என்ன கொடுத்தோம் என்று பார்க்க வேண்டும், இது என் வேலையின் முதல் பாடம், அதையே மறந்துவிட்டேன். உன்மேலும் எனக்குக் கோபம்தான், எழுதிவிடுகிறேன். எழுபது லாரியின் உண்மையைக் கமாண்டர் முகத்துக்கு நேராக மூன்று முறை சொல்ல முடிந்த உனக்கு, நம் வீட்டில் ஒருமுறை சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலமே நான் நாலு பக்கம் எழுதினேன். லாரி நம்பர், தேதி, கமாண்டர் சொன்னது, டிரைவரின் கால், எல்லாம். தலைமையகத்துக்கே நேராக அனுப்பிவிடுவது என்று. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நல்லாத்தான் எழுதியிருக்கே, ஆனா அவ வாயை நீ ஏன் கடன் வாங்கறே என்றாள். நான் விடவில்லை, அவ பேச மாட்டேங்கறாளே என்றேன். அவ பேசிட்டா, மூணு தரம், நீதானே சொன்னே, கேக்காதது அவங்க என்றாள். நாலு பக்கத்தையும் மடித்து மேஜை டிராயரில் வைத்துவிட்டேன், உனக்கு வேண்டுமென்றால் கேள். அப்பா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கார்பன் வைத்து, தன் கவுண்டர் கையெழுத்தில் இரண்டே வரி எழுதினார். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

வெள்ளிக்கிழமை நான் அரைநாள் லீவு போட்டுவிட்டு அப்பாவோடு அந்த நலப் பிரிவு ஆபீசுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நீளமான வராந்தா, பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றோடொன்று ஆணி அடித்து இணைத்தவை, சுவரில் பல் தெரியச் சிரிக்கும் இளம் அதிகாரிகளின் படம், அதற்குக் கீழே தண்ணீர் வராத தண்ணீர் மெஷின். டோக்கன் எடுத்து ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். கவுண்டரில் இருந்த கிளார்க்குக்கு என் வயதுதான் இருக்கும். கொடுத்த படிவத்தைத் திரும்ப வாங்க முடியாது ஐயா, ஒரு வீட்டுக்கு ஒரு ஃபார்ம்தான் என்றான். தப்பா எழுதினவனுக்கு என்று அப்பா கேட்டார். தப்பா எழுதிட்டேன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே என்றான் அவன், நிஜமாகவே குழம்பிப்போய். நான் வாயைத் திறக்கப் போனேன், அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ஃபார்ம் வேண்டாம் தம்பி, இது திருத்தக் கடிதம், வாங்கிக்கிட்டு காப்பியில முத்திரை போட்டுக் கொடுங்க, வாங்க மாட்டேன்னா வாங்க மாட்டேன்னு எழுதிக் கொடுங்க, நான் இந்தப் பக்கம் நிக்கறது இன்னிக்குத்தான் முதல் தடவை, அந்தப் பக்கம் முப்பத்தொரு வருஷம் என்றார். பிறகு கம்பிக்குள் எட்டிப் பார்த்து, உங்க முத்திரைல தேதி நேத்தோடதா இருக்கு, அதை மாத்திட்டுப் போடுங்க என்றார். கிளார்க் முத்திரையைத் திருப்பிப் பார்த்தான், நேற்றைய தேதிதான். காலையிலிருந்து போட்ட அத்தனையும் நேற்றைய தேதியில் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அவன் ஐயா என்பதை விட்டுவிட்டு சார் என்று கூப்பிட ஆரம்பித்தான்.

பேச்சுக் குரல் கேட்டு அந்த மேஜரே உள்ளேயிருந்து வந்து எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். கடிதத்தைப் படித்தார். இரண்டு வரியை எவ்வளவு நேரம் படிக்க முடியுமோ அவ்வளவு நேரம் படித்தார். அப்ப உண்மையான காரணம் என்ன சார் என்று அப்பாவைக் கேட்டார். அதான் எழுதியிருக்கேனே, அவளைக் கேளுங்க என்றார் அப்பா. போறவங்களையே கூப்பிட்டு உட்கார வச்சுக் கேக்கற வழக்கம் எங்ககிட்ட இல்ல சார் என்றார் மேஜர். அக்கா, எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பாலம் விழுந்தா பாலத்தைத்தானே சார் பார்க்கணும், நீங்க ஏன் பாலத்தோட அப்பா அம்மாவைப் போய்ப் பார்க்கறீங்க என்று கேட்டேன். ஏழு மீட்டர் கணக்கையும் சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன் என்று அப்பா அம்மாவிடம் கோள் சொல்லியிருக்கிறார், அவ்வளவு இல்லை. மேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார், வெளியே தள்ளப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, என் பேட்ச்ல பதினாலு பேரு தம்பி, இன்னிக்கு நாலு பேருதான் இருக்கோம் என்றார். நீங்க எந்தக் கட்டம் சார் என்று கேட்டேன். நான் போகலையே, போறவங்களுக்குத்தானே கட்டம் என்றார். இருக்கறவங்க ஏன் இருக்காங்கன்னு கேக்க ஃபார்மே இல்ல என்றும் சொன்னார், சொல்லிவிட்டு மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி, திறந்து, மறுபடி மூடினார். நல்ல மனிதர்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன். தெரிந்தும் கட்டம் போட்ட தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக டீ குடிக்கிற நல்ல மனிதரை என்ன செய்வது. கடைசியில் அவரே கிளார்க்கைக் கூப்பிட்டு, கடிதத்தை உன் கோப்பில் அந்தப் படிவத்துக்கு மேலே வைத்துக் குத்தச் சொன்னார், குத்தும்வரை அப்பா நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார். வரும் வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, மேல குத்தியிருக்கான், கீழ குத்தலை என்றார்.

இப்போது உன் விஷயம். நீ எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். நான் போய்விட்டால் அந்த இடத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்த ஒருவர் வந்துவிடுவார், நான் இருந்தால் இன்னும் இரண்டு வருடத்தில் அந்த ஒருவர் நானாகவே ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றாய். உன் தலைமை மெக்கானிக்கும், மேடம் நீங்க போயிட்டா வண்டிக்கு அடியில படுத்துப் பார்க்கற ஆபீசர் எங்களுக்கு எங்க கிடைப்பாங்க என்று சொன்னதாக எழுதியிருந்தாய். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நீ நிற்கிறாய், முப்பதாம் தேதி வந்துகொண்டிருக்கிறது. வீட்டில் ஆளுக்கு ஒன்று நினைக்கிறோம், மறைக்கவில்லை, இனிமேல் மறைக்கப்போவதும் இல்லை. அப்பாவுக்கு இன்னமும் நீ இருக்க வேண்டும், பலகைக்காக இல்லை என்று சத்தியம் செய்கிறார், உன்னைப்போல எண்ணத் தெரிந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டால் உள்ளே யார் எண்ணுவது என்கிறார். அம்மாவுக்கு நீ வந்துவிட வேண்டும், காரணம் கேட்டால், காரணம் என்னடா காரணம், என் பொண்ணு வர்றதுக்கு நான் எந்தக் கட்டத்துல டிக் போடணும் என்கிறாள். என்னைக் கேட்டால், நான் இரண்டுக்கும் ஓட்டுப் போட மாட்டேன். நான் வேலை செய்யும் மீட்டர் சோதனைக் கூடத்தில் போன வருடம் சோதிக்காத மீட்டர்களுக்குச் சரிபார்த்த ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னபோது நான் முதலாளியின் மேஜைமேலேயே ஸ்டிக்கர் கட்டை வைத்துவிட்டு வந்தேன், இரண்டு மாதம் என்னை ஸ்டோரில் ஆணி எண்ண விட்டார்கள், பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். நான் அங்கேயேதான் இருக்கிறேன். வீரத்தால் இல்லை, வேறு கூடத்திலும் ஸ்டிக்கர் இருக்கும் என்பதால். அதனால் இரு என்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வா என்றும் சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இருந்தால் நாற்பத்துமூன்று என்று எழுதிக்கொண்டே இரு. வந்தால் நாற்பத்துமூன்று என்று எழுதி வைத்துவிட்டு வா. போகும்போது யாராவது, குடும்பக் காரணம்னு போட்டுடலாமே மேடம், சுலபமா முடிஞ்சிடும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அந்தக் கட்டத்தை மட்டும் தொடாதே. நாங்கள் உனக்குக் காரணம் ஆக மாட்டோம். அந்தக் கட்டத்தை அப்பா வெள்ளிக்கிழமையே அடைத்துவிட்டார், அதுவும் முத்திரையோடு, சரியான தேதியில். இந்தக் கடிதத்தை அங்கே யாராவது உனக்கு முன்னால் பிரித்துப் படித்தால் படிக்கட்டும், கேட்காமல் விட்டதை அப்படியாவது தெரிந்துகொள்ளட்டும்.

அப்பா மூன்றாவது தடவையாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார், முக்கியமானதை எழுதினாயா என்கிறார். முக்கியமானது இது. நீ கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் காப்பி வைத்துக்கொள், முடிந்தால் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள், முத்திரை இருந்தால் அதில் தேதியைப் பார். இல்லையென்றால் எழுது, கார்பன் தாள் ஒரு கட்டு அனுப்புகிறாராம். அந்த டிரைவரின் கால் இப்போது எப்படி இருக்கிறது, நடக்கிறாரா என்று அம்மா கேட்டு எழுதச் சொன்னாள், அதற்கு மறக்காமல் பதில் போடு. பித்தளைப் பலகையை அப்பா நேற்று கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டுவார் என்று பார்த்தேன், இன்னும் மாட்டவில்லை, அலமாரிமேல் படுக்க வைத்திருக்கிறார். எந்தப் பெயரில் மாட்டுவது என்பதை நீ வந்து சொன்னாலும் சரி, எழுதிச் சொன்னாலும் சரி என்கிறார்.

உனக்கு ஒரு குறையும் வராமல், நினைத்ததை நினைத்தபடி சொல்லும் தைரியத்தோடு நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறார்கள். முப்பதாம் தேதிக்கு முன்னால் ஒரு வரியாவது எழுது.

இப்படிக்கு,
அம்மாவுக்காகவும் தனக்காகவும் எழுதிய உன் தம்பி,
அவசரக்குடுக்கை

பின்குறிப்பு: எழுதியதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், ஒரு வரியைக்கூட எடுக்கச் சொல்லவில்லை. பேனாவைக் கொடு என்றாள். டாக்டர் எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன், அவர் சொன்னது அந்தக் கண்ணுக்கு, இது இந்தக் கண்ணு என்று பிடுங்கிக்கொண்டாள். கீழே கோணலாக இருப்பது அவள் எழுதியது. அதற்கும் கீழே ஊக்கு குத்தியிருப்பது அப்பாவின் இரண்டு வரி.

பாப்பா, எனக்கு லாரி தெரியாது. நாப்பத்துமூணுன்னா நாப்பத்துமூணுதான். அம்மா.

*

ஐயா, என் மகள் பணியிலிருந்து விலக நினைப்பதற்குக் குடும்பக் காரணம் என்று புதன்கிழமை நான் குறித்தது தவறு, எங்கள் வீட்டில் அப்படி ஒரு காரணம் இல்லை.
உண்மையான காரணத்தை அவளிடமே கேட்கவும், சொல்வாள்.